மீட்டரில் 14.2, நெட்டில் "லோ சுகர்"

கவுண்டர்_அண்ணாச்சி:
ஒரு பாட்டி வீட்டு சுகர் மீட்டர், கனடாவில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது. காலையில் 14.2 காட்டியிருக்கிறது. பேத்தி போனை எடுத்து "சுகர் 14" என்று தேடியிருக்கிறாள். 70-க்குக் கீழே போனாலே லோ, 54-க்குக் கீழே ஆபத்து, உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார் என்று வந்ததாம். கொடுத்தார்கள். 16.1. "இன்னும் ஏறலையே" என்று இன்னொரு டம்ளர். 17.8. மருந்துக்கடைக்கு வரும்போதும் பாட்டி கையில் குளுக்கோஸ் டப்பா.

திரையின் மூலையில் பொடி எழுத்தில் எம்எம்ஓஎல்/எல் (mmol/L, லிட்டருக்கு இத்தனை மில்லிமோல்) என்று இருக்கிறது. இங்கே நாம் பேசும் மி.கி. (டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) கணக்குக்கு அதை 18-ஆல் பெருக்கணும். 14.2 என்றால் 256. கடைசியாக வந்த 17.8 என்றால் 320. நெட்டில் இருந்த முதலுதவி சரிதான், நோய்தான் வேற. நிஜமாகவே 14 மி.கி. இருக்கிற ஆள் நடந்து கடைக்கு வரமாட்டார். எண்ணில் புள்ளி வந்தாலே சந்தேகப்படணும், மி.கி. மீட்டர் முழு எண்தான் காட்டும். 20-க்குக் கீழே போனால் பல மீட்டர்களில் எண்ணே வராது, "லோ" என்றுதான் வரும்.

லேப்பாண்டி:
நெட்டைத் திட்டி என்ன பிரயோஜனம் அண்ணாச்சி? அலகு சொல்லித்தராமல் மீட்டரை பார்சல் போட்ட பிள்ளையைத்தான் சொல்லணும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கிற கிரியாட்டினினும் இதே கூத்துதான். நம்ம ரிப்போர்ட்டில் 1.1 இருக்கும், லண்டன் இணையப் பக்கங்களில் அதே அளவு 97. "97-க்கு 1.1-ஆ? கிட்னியே வேலை செய்யலையா?" என்று ஒருத்தர் சேம்பிள் கொடுக்கிற ஜன்னலில் நின்று அழுதார். நம்ம எண்ணை 88.4-ஆல் பெருக்கினால் அவங்க எண் வரும். கொழுப்புக்கு 38.67-ஆல் வகுக்கணும்.

மீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் சில. ஸ்பிரிட் பஞ்சை விட சோப்புத் தண்ணீர் மேல். கையைக் கழுவி நன்றாகத் துடைக்கணும். மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் சுகர் எகிறித்தான் காட்டும். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்க, வலி குறையும். விரலைப் பிழியாதீங்க, திசு நீர் கலந்துவிடும். ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்தே கிடந்தால் ஈரம் ஏறிக் கெட்டுப்போகும். லேபில் 230, வீட்டில் 256 என்றால் அதற்கும் நெட்டில் தேடாதீங்க. 100-க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசம் மீட்டருக்கு அனுமதித்த அளவுதான்.

வார்டு_அக்கா:
ஸ்ட்ரிப் கதை யாரு கேட்டா தம்பி? பாராசிட்டமால் டிராப்ஸ்தான் பெரிய தலைவலி. எட்டு கிலோ குழந்தை, காய்ச்சல். வெளிநாட்டுப் பக்கத்தில் அந்த வயசுக்கு 5 மி.லி. என்று இருக்கிறது. அந்த ஊர் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. வீட்டில் இருந்ததோ டிராப்ஸ், ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. 15 மி.லி. பாட்டிலில் மூணில் ஒரு பங்கு காலி. அந்த அம்மா அதைத் தூக்கிக் காட்டினபோது டூட்டி டாக்டர் ஒரு நொடி பேசவே இல்லை.

கணக்கு: கிலோவுக்கு 15 மி.கி., எட்டு கிலோவுக்கு 120 மி.கி. டிராப்ஸில் 1.2 மி.லி. போதும். உள்ளே போனது 500, ஒரு நாள் முழுக்கக் கொடுக்க வேண்டியது ஒரே மடக்கில். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தார்கள், தப்பித்தது. இதையே நாலு வேளை கொடுத்திருந்தால் ஈரல் தாங்காது. "எத்தனை மி.லி." என்று தேடவே தேடாதீங்க. எடையைச் சொல்லி மி.கி. கேளுங்க, அப்புறம் பாட்டில் லேபிளைப் பார்த்து மி.லி. ஆக்குங்க. இங்கே சிரப்பிலேயே 5 மி.லி.க்கு 125 மி.கி.யும் இருக்கு, 250-உம் இருக்கு.

பழைய_பிப்பெட்:
அலகு சரியாக இருந்தும் ஏமாறலாம். தைராய்டு டெஸ்ட் ஒன்று: டி.எஸ்.ஹெச். 0.02, ரொம்பக் கம்மி; தைராய்டு ஹார்மோன் ஃப்ரீ டி4 மேலே. ரிப்போர்ட் வாங்கிய பெண் வாசலிலேயே தேடி "கிரேவ்ஸ் நோய்" (தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வது) வரை போய்விட்டார். ஆனால் அந்த நோயின் அடையாளம் எதுவும் இல்லை: நாடி 72, கை நடுக்கம் இல்லை, எடையும் குறையவில்லை. கேட்டால், முடி கொட்டுகிறதென்று நெட்டில் பார்த்து பயோட்டின் என்ற வைட்டமின் 10 மி.கி. மாத்திரை தினமும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்.

சில மெஷின்கள் பயோட்டினையே பிடிமானமாக வைத்துத்தான் அளக்கும். ரத்தத்தில் அது கூடுதலாக மிதந்தால் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். இரண்டும் சேர்ந்தால் அச்சு அசல் கிரேவ்ஸ் மாதிரியே தெரியும். மாத்திரையை நிறுத்தி மூணு நாள் கழித்து எடுத்தபோது எல்லாம் நார்மல். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் இது குறைத்துக் காட்டலாம், அதுதான் பயங்கரம். ரத்தம் கொடுக்கும்போது முடி மாத்திரையையும் சொல்லுங்க. அதை யாரும் மருந்தென்றே நினைப்பதில்லை.

வார்டு_அக்கா:
அண்ணாச்சி, அந்தப் பாட்டி என்ன ஆனாங்க?

கவுண்டர்_அண்ணாச்சி:
டாக்டரிடம் அனுப்பியாச்சு. மீட்டர் முதுகில் பிளாஸ்டர் ஒட்டி "×18" என்று எழுதிக் கொடுத்தாச்சு. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற பேத்தி மெதுவாகக் கேட்டாள், "அப்போ போன வாரம் 9.1 வந்துச்சே, அன்னைக்கும் சீனித் தண்ணி கொடுத்தோமே?"