ஏர்ஃப்ளோவைக் கிளாடோடு மாட்டியவர்கள் வாங்க, உங்க கதையையும் சொல்லுங்க

பாயான் லெப்பாஸ்காரன்:

பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் தரவுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இரவு வேலைகள் எல்லாம், நிரல்களைக் குறித்த நேரத்தில் வரிசையாக ஓட்டும் ஏர்ஃப்ளோவில்தான் ஓடும். அறுபது டேக், அதாவது அறுபது வேலைத் தொடர். எது எங்கே விழுந்தது என்று தினமும் காலையில் திரையை உருட்டி உருட்டிப் பார்ப்பது என் தலைவிதி. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டதிலிருந்தே ஒரு ஆசை: அவர்களுடைய ஏஐ உதவியாளர் கிளாடின் டெஸ்க்டாப் செயலியில் இதை மாட்டிவிட்டால் வாயால் கேட்டே தெரிந்துகொள்ளலாமே!

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. கிளாடின் அமைப்புக் கோப்பில் ஜேசன் வடிவில் ஒரு சின்னத் துண்டு. எந்த நிரலை ஓட்டணும், ஏர்ஃப்ளோ முகவரி என்ன, பயனர் பெயர், கடவுச்சொல், அவ்வளவுதான். அந்த நிரல் நடுவில் நின்றுகொண்டு, கிளாட் கேட்பதை ஏர்ஃப்ளோவின் ஏபிஐயிடம் (மற்ற நிரல்கள் பேசும் வாசல்) கொண்டுபோகும், பதிலை வாங்கி வரும். அரை மணி நேர வேலை. எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, அதில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது ஒரு காற்புள்ளி.

"ராத்திரி எது விழுந்துச்சு?" என்று தமிழிலேயே கேட்டேன். மூன்று டேக்கின் பெயரைச் சொல்லி, ஒன்றின் லாக்கையும் (ஓட்டப் பதிவு) படித்து, டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்றது. கோப்பி ஆறுவதற்குள் பதில்.

அந்தத் தெம்பில்தான் ஆட்டம் போட்டேன். ஒவ்வொரு தடவையும் "செய்யலாமா?" என்று கேட்கும் பெட்டி எரிச்சலாக இருந்தது. எப்போதும் அனுமதி என்று அமுக்கிவிட்டேன். கொடுத்த கணக்கோ அட்மின். 2025 மே 5 காலை, வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதி, ஒருநாளும் ஓடாமல் நிறுத்தியே கிடந்த அறிக்கை டேக் ஒன்று கண்ணில் பட்டது. "இது ஏன் நிக்குது, ஓட விடு" என்றேன். விட்டது.

தொடக்கத் தேதி ஜனவரி 1. ஏர்ஃப்ளோ 2இல் கேட்சப் வேண்டாம் என்று எழுதி வைக்காவிட்டால், விட்டுப்போன நாள்களை எல்லாம் அது ஒன்றுவிடாமல் ஓட்டித் தீர்க்கும். 124 நாள், ஒரே நேரத்தில் 16 வீதம். ஒவ்வொன்றுக்கும் மேலாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல். நான் பார்த்து நிறுத்துவதற்குள் 48 போய்விட்டன. மதியம் நாசி கண்டார் வரிசையில் நிற்கிறேன், பின்னாலிருந்து மேலாளர்: "தம்பி, பிப்ரவரி 17 வரைக்கும் வந்துடுச்சு. 18 எப்ப வரும்?"

இப்போது கிளாடுக்கென்று தனிக் கணக்கு, வியூவர் உரிமை மட்டும். பார்க்கலாம், தொட முடியாது.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:

அண்ணே, எல்ஆர்டி ரயிலில் படிச்சு சிரிச்சு பக்கத்துல இருந்தவர் முறைச்சார். உங்களுக்கு ஓடியதாவது ஓடியது. கோலாலம்பூரில் நாங்கள் ஏர்ஃப்ளோ 3க்கு மாறிய மறுநாள் எதைக் கேட்டாலும் 404, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று. பழைய ஏபிஐயின் வி1 முகவரியை 3இல் எடுத்தே விட்டார்கள், இப்போது வி2. எங்கள் எம்சிபி நிரல் இன்னும் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. முகவரியைத் திருத்தினால் அடுத்து 401, நீ யார் என்று தெரியவில்லை என்று. முதலில் டோக்கன் என்ற நுழைவுச் சீட்டை வாங்கி, அதைக் காட்டித்தான் உள்ளே போகணும்.

சரி, நானே எழுதிவிடுகிறேன் என்று பைத்தானில் ஒரு குட்டி நிரல் எழுதினேன். கிளாட் ஏற்கவே இல்லை. சோதிக்க நான் போட்டிருந்த ஒரு பிரிண்ட் வரிதான் வில்லன். கிளாடும் நிரலும் பேசிக்கொள்வதே பிரிண்ட் எழுதும் அந்த வெளியீட்டு வழியில்தான், நடுவில் என் "ஹலோ" போய் விழுந்திருக்கிறது. லாக்கை ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வழிக்குத் திருப்பிவிட்டேன். அப்புறமும் மாறவில்லை! ஜன்னலை மூடினால் கிளாட் சாகாது, கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அங்கே போய் வெளியேற்றி, மறுபடி திறந்தால்தான் புது அமைப்பைப் படிக்கும். ஒரு சாயங்காலம் முழுக்கப் போச்சு.

பட்டர்வொர்த் அக்கா:

எனக்கு இணைப்பெல்லாம் ஒழுங்காக வந்தது. பொய் சொல்கிறது என்றுதான் நினைத்தேன். "காலை 6 மணி வேலை இன்னிக்கு ஓடுச்சா?" என்றால், இன்றைய தேதியில் எதுவும் இல்லை, நேற்றையது வெற்றி என்கிறது. மின்னஞ்சல் பெட்டியில் அறிக்கை இருக்கிறது!

தப்பு இரண்டும் என்னுடையவை. ஏர்ஃப்ளோவின் கடிகாரம் சொல்லாவிட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரம்தான், மலேசியாவில் நாம் 8 மணி நேரம் முன்னால். நான் நேரம் குறிக்கும் கிரான் வரியில் 6 என்று எழுதியது பிற்பகல் 2 மணிக்கு ஓடியிருக்கிறது, பல மாதமாக. அடுத்தது, நாங்கள் வைத்திருக்கும் 2இல் ஒரு ஓட்டத்தின் தேதி, அது கையாளும் காலத்தின் தொடக்கம். இன்று ஓடியதன் மேல் நேற்றைய தேதிதான் இருக்கும். கிளாட் இருந்ததை அப்படியே படித்துச் சொன்னது. டேக்கில் ஆசியா/கோலாலம்பூர் என்று போட்டேன், கேள்வியையும் "இன்று மலேசிய நேரப்படி தொடங்கிய ஓட்டம்" என்று மாற்றினேன்.

பாயான் லெப்பாஸ்காரன்:

அக்கா, உங்களைப் படித்துவிட்டு இப்பதான் போய்ப் பார்த்தேன். எங்கள் "இரவு வேலைகள்" அறுபதில் பதினொன்று காலை பத்து மணிக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை.