மத்தியதரைக்கடலில் பெரிய கப்பல்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் எந்த வழித்தடத்தில் போகலாம்?

நீலவானம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் இறுதியில் பெற்றோருடன் 7 இரவுகள் மத்தியதரைக்கடலில் கப்பல் பயணம் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். அப்பா நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நிதானமாக நடந்துவிடுவார், ஆனால் பத்துப் படிகளுக்கு மேல் ஏறுவது கடினம். இரண்டு வழித்தடங்கள் எங்கள் முன் இருக்கின்றன. ஒன்று பார்சிலோனாவில் தொடங்கி மார்சேய், ஜெனோவா, சிவிட்டவெக்கியா, பலெர்மோ, மால்டாவின் வலேட்டா வழியாகப் பார்சிலோனாவுக்கே திரும்புவது. மற்றொன்று ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸில் தொடங்கி சாண்டோரினி, மிக்கோனோஸ், துருக்கியின் குஷாதாசி ஆகிய இடங்களுக்குச் செல்வது. இரண்டுமே 4,000 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்கள். சாண்டோரினியைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் இறங்கும்போது அவரை எப்படி அழைத்துச் செல்வது, கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேராமல் நாங்களாகவே ஊரைப் பார்க்க முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

துறைமுகவாசி:

கப்பலில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று பார்ப்பதற்கு முன், அது எந்த ஊரில் எந்த இடத்தில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் ‘ரோம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிவிட்டவெக்கியாவில். அங்கே கப்பலிலிருந்து இறங்கி, துறைமுகப் பேருந்தில் வாயிலுக்கு வந்து, அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போய், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ரயிலில் பயணம் செய்த பிறகுதான் ரோம் வரும். கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குப் புறப்படுகிறது என்றால் 12 மணி நேரம் கையில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இறங்க அனுமதி கிடைக்கச் சிறிது நேரம் ஆகும், புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே அனைவரும் ஏறியிருக்க வேண்டும், போக்குவரத்துக்கு இரு வழியிலும் நேரம் போய்விடும். மிஞ்சும் நேரத்தில் கொலோசியத்தையும் வாட்டிகனையும் சேர்த்துப் பார்க்க நினைப்பது, மூட்டு வலி இல்லாதவர்களையே களைப்படையச் செய்யும்.

வலேட்டாவில் நிலைமை வேறு. கப்பல் கிராண்ட் ஹார்பருக்குள் நுழையும்போது இருபுறமும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் கோட்டைகள் நெருங்கி வரும். அதைக் காண விடியற்காலையிலேயே மேல்தளத்துக்குப் போய்விடுங்கள், இந்த வழித்தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. நகரம் உயரத்தில் இருந்தாலும், 58 மீட்டர் உயரமுள்ள பாரக்கா லிஃப்ட் துறைமுகக் கரையிலிருந்து மேல் பாரக்கா பூங்காவுக்கு உங்களைக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து முதன்மைத் தெருவில் அம்மா நிதானமாக நடக்கலாம். குறுக்குத் தெருக்கள் படிகளாக இறங்குகின்றன, அவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பலெர்மோவிலும் ஜெனோவாவிலும் கப்பல் நகரத்தை ஒட்டியே நிற்பதால் சுற்றுலாக் குழு தேவையில்லை. மார்சேயில் கப்பல் நிற்கும் இடம் பழைய துறைமுகப் பகுதியிலிருந்து தொலைவில் இருக்கிறது. பேருந்திலோ டாக்ஸியிலோதான் போக வேண்டும்.

நீங்களாகவே ரோம் வரை போவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும்.

அலைமகள்:

சாண்டோரினி மீது உங்கள் அம்மாவுக்கு இருக்கும் ஆசை புரிகிறது. இருந்தாலும் பெரிய கப்பலில் அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பெரிய கப்பல்கள் கரையைத் தொடுவதில்லை. எரிமலை வெடித்து உருவான ஆழமான வளைகுடாவில் நிற்கும், பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டு செல்வார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து படகுக்குக் கால் வைக்கும் கணத்தில் படகு ஓர் அடி மேலே எழும், ஓர் அடி கீழே இறங்கும். பணியாளர்கள் இருபுறமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றாலும், முழங்காலில் திடீரென்று முழு எடையும் இறங்கும். அலை அதிகமாக இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவர்களை ஏற்ற மறுத்துவிடுவார்கள். காற்று பலமாக இருந்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். ஏஜியன் கடலின் மெல்டெமி காற்று ஜூலை, ஆகஸ்டில் உச்சத்தில் இருந்து செப்டம்பரில் தணியும், ஆனால் முற்றிலும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.

கரையிலிருந்து மேலே ஃபிரா ஊருக்குப் போக 500-க்கும் மேற்பட்ட படிகள், கழுதைச் சவாரி, கேபிள் கார் என்று மூன்று வழிகளே உண்டு. அம்மாவுக்குக் கேபிள் கார்தான் பொருந்தும்; பல கப்பல்கள் வந்திருக்கும் நாளில் மாலை திரும்பும்போது அதற்கான வரிசை தெருவரை நீளும். இந்த நெரிசலைக் குறைக்கத்தான் 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், சாண்டோரினிக்கு அம்மாவைத் தனியாக அழைத்துச் சென்று இரண்டு இரவுகள் தங்க வையுங்கள். கப்பல் கூட்டம் கிளம்பிய பிறகு அந்த ஊர் தரும் அமைதியைப் பகல்நேரப் பயணியால் பெற முடியாது.

கலங்கரை:

விசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) தேவை என்றால், குஷாதாசி செல்லும் வழித்தடத்துக்குப் பலமுறை நுழைவதற்கான விசாவே வேண்டும். துருக்கி ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருப்பதால், அங்கே போய்விட்டுக் கிரேக்கத்துக்குத் திரும்புவது மறுநுழைவாகக் கணக்கிடப்படும். துருக்கிக்கான விசா விதிகளையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவில் தொடங்கும் மேற்கு வழித்தடத்தில் நீங்கள் சொன்ன ஊர்கள் அனைத்தும் ஷெங்கன் நாடுகளில்தான் இருக்கின்றன.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்ட்டுக்கு அருகில் கேளுங்கள். இந்தக் கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளமானவை. கடைசி அறை கிடைத்தால் உணவுக்கூடத்துக்குப் போய்வருவதே அம்மாவுக்கு ஒரு நடைப்பயணமாகிவிடும். ஆட்டமும் நடுப்பகுதியில்தான் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையை ஏற்காதீர்கள், விடியும் முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை கூரை வழியாகக் கேட்கும். கைபேசியைக் கடலில் விமானப் பயன்முறையில் வையுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்புக்குத் தானாக மாறிவிட்டால் கட்டணம் மிகக் கடுமையாக இருக்கும்.

நீலவானம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேற்கு வழித்தடம் என்று முடிவு செய்துவிட்டோம். சாண்டோரினிக்கு அம்மாவைத் தனியாக அழைத்துச் செல்வதாக அப்பா சொல்கிறார். ஒரே ஒரு ஐயம்: சிவிட்டவெக்கியாவில் அம்மாவை என்ன செய்வது?

துறைமுகவாசி:

அவருக்கு விருப்பமிருந்தால் அன்று கப்பலிலேயே இருக்கட்டும். பெரும்பாலானோர் ரோமுக்குப் போய்விடுவதால் நீச்சல்குளமும் உணவுக்கூடமும் காலியாக இருக்கும், வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் காலை நீட்டி உட்காரலாம். சிலர் அந்தத் துறைமுகத்திலேயே பயணத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் உண்டு என்பதால் பிற்பகலில் லிஃப்ட்டுகளில் பெட்டிகளுடன் கூட்டம் சேரும். மதிய உணவை 12 மணிக்கே முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடச் சொல்லுங்கள். பார்சிலோனாவில் ஏறும்போது சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். அன்று போய்க் கேட்டால் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.