கலைச்சொல் விவாதம்: ‘எமர்ஜிங் டெக்னாலஜி’ தமிழில் எப்படி நிற்கும்?

நாகர்கோவிலிலிருந்து, பாடக்குறிப்பு எழுதுபவர்:

குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் முதலாண்டுக்கான அறிமுகப் பாடம் ஒன்று தமிழில் தயாராகிறது. நீராவியில் தொடங்கி, மின்சாரம், கணினி, இன்றைய இணைய உணரிகள் வரை நான்கு தொழிற்புரட்சிகளையும் சொல்லி, ஒவ்வொன்றின் தோளிலும் ஏறி வந்த புதிய தொழில்நுட்பங்கள் எவை என்று காட்டும் பாடம். தலைப்பிலேயே முட்டுகிறது. ‘எமர்ஜிங் டெக்னாலஜி’ என்பதை நாளிதழ்கள் ‘வளர்ந்துவரும் தொழில்நுட்பம்’ என்று எழுதுகின்றன. செய்திக்கு அது போதும், பாடத்துக்குப் போதவில்லை.

முதல் குறை பொருளில். வளர்வது என்றால் ஏற்கெனவே இருப்பது பெரிதாவது. செல்பேசியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதை யாரும் இந்த வகையில் சேர்ப்பதில்லை. இரண்டாவது குறை இலக்கணத்தில், அதுதான் எனக்குப் பெரிய தலைவலி. இன்றைய பொருள் இணையத்துக்கு, அதாவது கருவிகள் இணையத்தில் சேர்ந்து தகவல் பரிமாறுவதற்கு, ‘வளர்ந்துவரும்’ பொருந்தும். 1770களின் நீராவி எந்திரத்தைச் சொல்லும்போது ‘அன்று வளர்ந்துவந்த தொழில்நுட்பம்’ என்று மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரே கருத்துக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேறு சொல் வந்தால் அது கலைச்சொல் ஆகாது. காலம் மாறினாலும் சொல் மாறக்கூடாது.

என் பரிந்துரை: எழுநுட்பம். எழுஞாயிறு போல. கருத்துச் சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து, தமிழாசிரியை:

நோய் சரியாகப் பிடிபட்டிருக்கிறது, மருந்துதான் சரியில்லை. எழுபிறப்பு, எழுகடல் என்றெல்லாம் படித்த பிள்ளை எழுநுட்பம் என்றால் ஏழு நுட்பம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதுவும் புரட்சிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போகிற பாடத்தில்.

ஆனால் நீங்கள் தேடிப் போன இடம் நல்ல இடம். வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று நன்னூல் சொல்வது இந்த வேலைக்கே செய்ததுபோல் இருக்கிறது. ஊறுகாய் நேற்று ஊறியது, இன்று ஊறுகிறது, நாளையும் ஊறும். சொல் மட்டும் ஊறுகாயாகவே இருக்கும். நமக்கு வேண்டியதும் இதுதான்.

‘அரும்பு’ என்ற வினையை எடுக்கலாம். அரும்பு தொழில்நுட்பம். ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்’ என்று குறளில் மூன்று நிலையும் வரிசையாக வருகிறது: அரும்பு, போது, மலர். அரும்பு மீசை என்று வீட்டில் சொல்லும்போதும் இதே பொருள்தான்: வந்துவிட்டது, ஆனால் இன்னும் முழுசாக வரவில்லை. தோவாளையில் பிச்சி கட்டுகிற பிள்ளைக்குக்கூட விளக்கம் தேவைப்படாது.

ஆரல்வாய்மொழியிலிருந்து, காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளர்:

> தோவாளையில் பிச்சி கட்டுகிற பிள்ளைக்குக்கூட விளக்கம் தேவைப்படாது.

டீச்சர், சொல் இனிமையாக இருக்கிறது. எனக்கு ஒரு தயக்கம். அரும்பு தானாக விரியும். தொழில்நுட்பம் தானாக விரிவதில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்து சேரும்வரை காத்துக்கிடக்கும். பூவைக் காட்டி இதை மறைத்துவிடக் கூடாது.

ஜேம்ஸ் வாட் தனிக் குளிர்கலனுக்குக் காப்புரிமை வாங்கியது 1769இல். அதுவரை நியூக்கோமன் எந்திரத்தில் ஒவ்வொரு அடிக்கும் உருளையையே தண்ணீர் தெளித்துக் குளிர்வித்து, மறுபடி நீராவியால் சூடாக்கினார்கள். நிலக்கரி பெரும்பகுதி அதற்கே போனது. நீராவியை வேறொரு கலத்தில் குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். கணக்கு சரி. ஆனால் உந்துதண்டுக்கும் உருளைக்கும் நடுவே நீராவி கசிந்தது. ஏனென்றால் அன்றைய உருளைகள் உண்மையான வட்டமாக இல்லை. ஜான் வில்கின்சன் 1774இல் பீரங்கிக் குழல் துளைக்க ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதையடுத்து, துளைக்கும் தண்டை உருளைக்குள் முழுநீளத்துக்கும் செலுத்தி இரண்டு முனையிலும் தாங்கிப் பிடிக்கிற எந்திரத்தைச் செய்தார். ஒரு முனையில் மட்டும் பிடித்தால் தண்டு வளையும், துளை கோணும். இரண்டு முனையில் பிடித்தால் நேராக ஓடும். அவர் துளைத்த 50 அங்குல உருளை எந்த இடத்திலும் பழைய ஷில்லிங் காசின் கனம்கூடப் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் எழுதினார். 1776இல் எந்திரம் விற்பனைக்குப் போய் ஓடியது. நடுவிலுள்ள ஏழாண்டு முழுக்க அரும்பு நிலைதான்.

மின்சாரமும் அப்படியே. நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882. அமெரிக்க ஆலைகள் அதனால் நன்றாக உற்பத்தியைக் கூட்டியது 1920களில். நீராவி எந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். பழைய அரிசி ஆலையில் பார்ப்போமே, கூரையோரம் ஓடும் நீளத் தண்டும் அதிலிருந்து இறங்கும் பெல்ட்டுகளும், அதெல்லாம் அப்படியே இருந்தது. ஒரு எந்திரம் ஓடவேண்டும் என்றாலும் தண்டு முழுக்கச் சுழன்றது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசைக்கு ஏற்ப ஆலையையே மாற்றிக் கட்டிய பிறகுதான் பலன் வந்தது.

விரியாமலே போனதும் உண்டு. இங்கிலாந்தில் புருனெல் என்ற பொறியாளர் 1847இல் ஓடவிட்ட காற்றழுத்த ரயிலில் தண்டவாளத்தின் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த குழாய், அதற்குள் ரயிலை இழுக்கும் உந்துதண்டு, குழாயின் மேல் பிளவை மூடத் தோல் பட்டை. தோல் உலர்ந்து வெடித்தது, காற்று உள்ளே புகுந்தது, வெற்றிடம் நிற்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டில் மூடினார்கள். இதற்கும் சொல்லில் இடம் வேண்டும்.

தக்கலையிலிருந்து, தமிழாசிரியை:

சார், செடியிலுள்ள அரும்பெல்லாம் பூவாவதில்லை. நீர் இல்லாவிட்டால், பூச்சி விழுந்தால் உதிரும். வில்கின்சனின் துளைப்பொறி வாட்டுக்கு நீர் வார்த்தது, புருனெலுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. உதிர்ந்த தொழில்நுட்பம் என்று அதற்கும் பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தயக்கம் இந்தச் சொல்லுக்கு எதிராக இல்லை, துணையாகத்தான் இருக்கிறது.

மணவாளக்குறிச்சியிலிருந்து, கனிமப் பிரிப்பு அறிந்தவர்:

இத்தனையும் இங்கிலாந்து, அமெரிக்கா. நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டு காலடியிலேயே கிடக்கிறது: கருமணல்.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். தேடிக்கொண்டு வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். அவருக்கு வேண்டியது மோனசைட்டிலுள்ள தோரியம். அது எதற்கு? பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே, மேன்டில், அதற்கு. பருத்தி வலையைத் தோரியம் நைட்ரேட்டும் கொஞ்சம் சீரியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலில் நனைத்து எரித்தால் நூல் சாம்பலாகி, ஆக்சைடு கூடு மட்டும் நிற்கும். தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 99, சீரியம் ஆக்சைடு 1. சுடரின் சூட்டில் அது வெள்ளை வெளேரென்று ஒளிரும். தொட்டால் பொடியாகும். ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகளுக்கு இந்தக் கூடுதான் உயிர். மின்விளக்கு பரவியதும் அந்தத் தேவை சுருங்கியது.

இப்போது கவனியுங்கள். மேன்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரியர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், அதே 1885ஆம் ஆண்டில் நியோடிமியம் என்ற உலோகத் தனிமத்தையும் தனியாகப் பிரித்துக் காட்டினார். மோனசைட்டிலுள்ள அருமண் தனிமங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதுதான். ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு அதற்குக் கண்ணாடிக்கு நிறமூட்டுவது போன்ற சில்லறை வேலைகள்தான். 1980களின் முதற்பாதியில் இரும்பும் போரானும் சேர்த்து வலிய நிலைக்காந்தம் செய்யும் வழி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்தது. அதன் பிறகு கணினி வன்தட்டு, மின்வாகன மோட்டார், ஆரல்வாய்மொழி சார் பார்க்கிற துறையில் பல்சக்கரப் பெட்டி இல்லாத காற்றாலை.

மணல் மாறவில்லை. பிரிக்கும் வேலையும் அடிப்படையில் அதேதான்: திருகுத் தொட்டியில் தண்ணீரோடு ஓடவிட்டுக் கனமில்லாத வெண்மணலை ஒதுக்குவது, உலர்த்துவது, உயர்மின்னழுத்த உருளையில் விடுவது. மின்கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம் தெறிக்கும். கடத்தாத மோனசைட், சிர்கான், கார்னெட், சில்லிமனைட் உருளையோடு ஒட்டி மறுபக்கம் போகும். அடுத்தது காந்தம்: இல்மனைட் நன்றாக இழுபடும், கார்னெட்டும் மோனசைட்டும் குறைவாக, சிர்கான் இழுபடாது. கோளாறு வருவது பெரும்பாலும் உப்பிலும் ஈரத்திலும். கடல்மணலை நல்ல தண்ணீரில் கழுவாமல், சரியாக உலர்த்தாமல் விட்டால் மணியின் மேல் படிந்த உப்பும் ஈரமும் மின்சாரத்தைக் கடத்தும். அப்போது சிர்கான்கூட இல்மனைட் பக்கம் போய் விழும்.

ஆகவே வரையறையில் ஒரு திருத்தம் கேட்கிறேன். நியோடிமியம் 1885இல் அரும்பு தொழில்நுட்பம் இல்லை, அது வெறும் பொருள். காந்தமாக மாறும்போதுதான் அரும்பியது. ‘ஒரு பயன்பாட்டில்’ என்ற சொற்றொடர் இல்லாமல் வரையறை எழுதாதீர்கள். மணல் எடுப்பதால் கரையும் கதிரியக்கமும் என்ன ஆகும் என்று நம் கடலோர ஊர்கள் கேட்கும் கேள்வியையும் அதே பக்கத்தில் வையுங்கள். விளைவு தெளிவாகாமை இந்த நிலையின் அடையாளம்.

ஆரல்வாய்மொழியிலிருந்து, காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளர்:

அண்ணாச்சி சொன்னதோடு எண்களைச் சேர்த்துவிடுகிறேன். 50 ஹெர்ட்சில் 6 துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1000 சுற்று. 120ஐ 50ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் வரும். இறக்கையோ மெதுவாகச் சுழலும். நடுவில் வேகத்தைக் கூட்டப் பல்சக்கரப் பெட்டி வேண்டும். அதில் தாங்குருளை தேய்வது, எண்ணெயில் இரும்புத்தூள் சேர்வது எல்லாம் வழக்கமான தொந்தரவு. நேரடி இணைப்பில் பெட்டியே இல்லை. இறக்கையின் வேகத்திலேயே ஜெனரேட்டர் சுழலும், துருவங்கள் நிறைய, வரும் அலைவெண்ணை மின்னணு மாற்றி 50 ஆக்கிக் கொடுக்கும். நிலைக்காந்த வகையில் மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் போகும். காந்தம் ஒருபக்கம் இருக்க, மூன்றாம் புரட்சி தந்த மின்னணு மாற்றி இல்லாவிட்டால் இந்த ஜெனரேட்டர் மின்தொகுப்போடு சேராது. எனக்கு அரும்பு சம்மதம்.

நாகர்கோவிலிலிருந்து, பாடக்குறிப்பு எழுதுபவர்:

எல்லாருக்கும் நன்றி. 2015இல் ரோட்டோலோ, ஹிக்ஸ், மார்ட்டின் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு ஐந்து அடையாளம் சொன்னார்கள்: அடிப்படைப் புதுமை, ஒப்பீட்டில் வேகமான வளர்ச்சி, தனக்கென ஒரு வடிவம் பெற்றிருத்தல், பெரும் தாக்கம், நிச்சயமின்மை. அவற்றோடு அண்ணாச்சியின் திருத்தத்தைச் சேர்த்தால்:

அரும்பு தொழில்நுட்பம்: ஒரு பயன்பாட்டில் அடிப்படைப் புதுமையாகத் தோன்றி, வேகமாக வளர்ந்து, தனி வடிவம் கொண்டு, பெரும் தாக்கம் தரும் வாய்ப்புள்ளதும், விளைவுகள் இன்னும் உறுதிப்படாததுமான தொழில்நுட்பம்.

துணைச்சொற்கள்: அந்தக் காலகட்டத்துக்கு அரும்புநிலை. நிலைபெற்றதற்கு ஊன்றிய தொழில்நுட்பம். கைவிடப்பட்டதற்கு உதிர்ந்த தொழில்நுட்பம். முப்பரிமாண அச்சு, 1980களில் காப்புரிமை பெற்றதாயினும், மாதிரி உரு செய்வதில் ஊன்றியது, கட்டடம் கட்டுவதில் அரும்பு. இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும், பிள்ளைகள் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்து எழுதுவது நிற்கும்.

தக்கலையிலிருந்து, தமிழாசிரியை:

வரைவைப் பார்த்தேன். உள்ளடக்கப் பக்கத்தில் மூன்று இடத்தில் ‘அரும்புத் தொழில்நுட்பம்’ என்று வந்திருக்கிறது. பிழைதிருத்தி தானாகச் சேர்த்ததுபோல் தெரிகிறது. அந்தத் த் வேண்டாம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுசோறு, ஊறுகாய் போல. த் சேர்ந்தால் அரும்பு பெயர்ச்சொல் ஆகிவிடும், காலம் போய்விடும், எதற்காக இந்தச் சொல்லை எடுத்தோமோ அதுவே போய்விடும். ‘அரும்புநிலைத் தொழில்நுட்பம்’ என்று வரும் இடத்தில் த் இருக்கட்டும், அங்கே நிலை பெயர். பிழைதிருத்தியின் விலக்குப் பட்டியலில் ‘அரும்பு தொழில்நுட்பம்’, ‘அரும்பு தொழில்நுட்பங்கள்’ இரண்டையும் சேர்த்துவிட்டு மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.