ஜி12-க்கு ஹூட் மாட்டினால் இந்த வெளுப்பு போகுமா?

ஜி12காரன்:
மாமா கொடுத்த கேனன் ஜி12 கேமரா வைத்திருக்கிறேன். போன ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு தஞ்சைப் பெரிய கோயில். நந்தி மண்டபத்துக்குப் பின்னால் நின்று விமானத்தை எடுத்தால் படம் முழுக்க பால் ஊற்றிய மாதிரி வெளுப்பு. நந்தி மேலே பச்சைப் பொட்டுகள் வேறு. இடது கையை லென்ஸுக்கு மேலே குடை மாதிரி பிடித்துப் பார்த்தேன். வெளுப்பு குறைந்தது, ஆனால் பத்துப் படத்தில் ஏழில் என் சுண்டுவிரல். லென்ஸ் முனையில் மரையே இல்லையே, இதற்கு ஹூட் (பக்கவாட்டு வெளிச்சம் லென்ஸில் படாமல் தடுக்கும் மறைப்பு) எப்படி மாட்டுவது?

பழைய ஸ்டூடியோ:
தம்பி, மரை லென்ஸில் இல்லை, பாடியில் இருக்கிறது. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தித் திருகினால் கழன்றுவிடும். அந்த இடத்தில் எல்ஏ-டிசி58கே என்ற குழாயை மாட்டுங்கள். அதன் முனையில் 58 மி.மீ. மரை. பாரம் பாடியில்தான் இறங்கும், ஜூம் மோட்டாருக்குக் கஷ்டமில்லை.

ஹூட் வாங்கினால் மடக்குகிற ரப்பர் ஹூட் வாங்குங்கள். உங்கள் ஜூம் 28 மி.மீ. (அகலமான காட்சி) முதல் 140 மி.மீ. (கிட்டே இழுத்த காட்சி) வரை. 28-க்கு விரித்து வைத்தால் மூலைகள் கறுத்துவிடும். என் ஜி11-இல் 28-இல் எடுக்கும்போது ஹூடைப் பின்பக்கமாக மடித்துவிடுவேன், 50 தாண்டினால் விரிப்பேன். பிளாஷ் போட்டால் குழாயின் நிழல் படத்தில் விழும், வியூபைண்டரிலும் ஒரு மூலை மறையும். இரண்டும் எனக்குப் பழகிவிட்டது.

கடைத்தெரு:
முதலில் லென்ஸில் கைரேகை இருக்கிறதா பாருங்கள். குழாய் மாட்டியதும் மலிவான யுவி பில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி) ஒன்றைச் சேர்த்து மாட்டிவிடாதீர்கள், அதுவே புதிதாக நாலு பொட்டு போடும். அனுபவம்.

மேலவீதி:
ஹூட் தடுப்பது படத்துக்கு வெளியே இருந்து வரும் வெயிலைத்தான். நாலரைக்கு, கிழக்கே நின்று, 28-இல் விமானத்தின் உச்சி வரை எடுத்தால் சூரியன் படத்துக்குள்ளேயே இருக்கும். எந்த ஹூடும் உதவாது. கோயில் கிழக்கு பார்த்தது, காலையில் போனால் வெயில் உங்கள் முதுகில்.

சாயங்காலம்தான் தோது என்றால், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வார்களே, அதை நம்பாதீர்கள். நன்றாகவே விழும். அந்த நிழலுக்குள் போய் நின்றால் சூரியனை விமானமே மறைத்துக்கொள்ளும். மார்கழி, தையில் சூரியன் தென்மேற்கே சாய்வதால் நிழல் நந்தி மண்டபத்துக்கு வடக்கே ஒதுங்கியிருக்கும்.

ஜி12காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனேன். நிழல் இருந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலம் பிரித்து உட்கார்ந்திருந்தது. ஓரமாக இடம் கேட்டு நின்று எடுத்தேன். வெளுப்பு இல்லை, பொட்டு இல்லை, ஆனால் விமானம் வெறும் கறுப்பு உருவமாக வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குப் போகிறேன். குழாயும் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள்.