கையில் இருப்பது கொஞ்சம், கடை ஊருக்குத் தெரியணும்: நீங்க எப்படிச் செஞ்சீங்க?

செக்குக்கடை, காங்கேயம்

வணக்கமுங்க. வாகை மரச் செக்கு போட்டு கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விக்கிறேன். செக்கு, மோட்டார், கடை அட்வான்ஸ் எல்லாம் போக விளம்பரத்துக்குன்னு கையில நின்னது சொற்பம். அதுலயும் பாதி போர்டுக்கும் பிட் நோட்டீஸுக்கும் போயிருச்சு. நோட்டீஸ் பார்த்து வந்தேன்னு சொன்னவங்களை விரல் விட்டு எண்ணிரலாம்.

கடையைத் தூக்கி விட்டது புண்ணாக்குங்க. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறத்தாழ ரெண்டரைக் கிலோ பருப்பு ஆட்டணும். எண்ணெய் போக ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு மிஞ்சும். செக்குப் புண்ணாக்குல எண்ணெய்ச் சத்து கொஞ்சம் தங்கியிருக்கும்கறதால மாடு வெச்சிருக்கறவங்க தேடி வருவாங்க. எங்க ஊரு மாட்டுக்குப் பேர் போன ஊருன்னு உங்களுக்கே தெரியும். வெளி ரேட்டை விட கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மி, ஆனா கடைக்கு நேர்ல வந்துதான் எடுக்கணும்னு சொல்லிட்டேன். வந்தவங்க சும்மா போக மாட்டாங்க, செக்கு சுத்தறதைப் பார்த்துட்டு நிப்பாங்க. எள்ளு ஆட்டையில கருப்பட்டியைத் தட்டிப் போடற நேரத்துக்கு வாசம் ரோட்டுக்கே போகும். அப்பத்தான் "ஏனுங்க, எள்ளு நாங்களே கொண்டாந்தா ஆட்டித் தருவீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. கூலிக்கு ஆட்டறது அப்படி ஆரம்பிச்சது. கண் முன்னாடி ஆட்டறதால கலப்படமான்னு யாரும் கேக்கறதில்லீங்க. விலை ஏன் அதிகம்னும் கேக்கறதில்ல, ரெண்டரைக் கிலோ பருப்பு உள்ள போறதைப் பார்த்துட்டாங்கல்ல.

நீங்க என்ன செஞ்சீங்க? காசு போட்டுப் பலன் வராததையும் சேர்த்துச் சொல்லுங்க.

மாவு அக்கா, மதுரை

தம்பி சொல்றது சரிதான், கண்ணால பார்த்தாத்தான் நம்பிக்கை. எனக்கு இட்லி மாவு யாவாரம். இதுல ஒரு சங்கடம், மளிகைக்கடை ஃப்ரிட்ஜுல பத்து பாக்கெட் வரிசையா இருந்தா நம்மளது எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு.

நான் போய் நின்னது எங்க தெரு டியூஷன் டீச்சர் வீட்டு வாசல்ல. சாயங்காலம் பிள்ளைகளக் கூப்பிட வர்ற அம்மாமார் அங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. ராத்திரிக்கு என்ன டிபன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கிற நேரம் அது. அரைக் கிலோ கவரக் கையில குடுத்து, "ஊத்திப் பார்த்துட்டு புளிப்பு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க"ன்னேன். காசு வாங்கல. நல்லாருந்துச்சான்னு கேட்டா நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. புளிப்பைக் கேட்டா உக்காந்து பதில் சொல்றாங்க. அந்தப் பதிலச் சொல்றதுக்காகவே என் நம்பர போன்ல சேவ் பண்ணுனாங்க.

அது ஏன் முக்கியம்னு சொல்றேன். வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்புனா, நம்ம நம்பர சேவ் பண்ணி வச்சவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேருதான். எங்கயோ ஆயிரம் நம்பர் வெலைக்குக் குடுக்குறாங்கன்னு வாங்கிப் போட்டா ஒருத்தருக்கும் போகாது. அவங்க போன்ல நான் "மாவு அக்கா"ன்னு இருந்தாப் போதும். தினமும் ரோசாப்பூ படத்தோட காலை வணக்கம் அனுப்புறதில்ல, பிளாக் பண்ணிருவாங்க. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மெசேஜ், ஞாயித்துக்கிழமைக்கு யாருக்கு எத்தனை கிலோன்னு. சொன்ன அளவுக்குத்தான் அரிசி ஊறப்போடுவேன். சித்திரை வெயில்ல மாவு மத்தியானத்துக்குள்ள பொங்கி வழிஞ்சிரும், மிஞ்சுனா சாக்கடைக்குத்தான். மிஞ்சாம இருக்குறதே எனக்குப் பெரிய லாபம்.

புதிதாகத் தொடங்குபவர், நாமக்கல்

அக்கா, ஃபுட் லைசென்ஸுக்கு நிறைய செலவாகுமா? ஒரு ஏஜென்ட் மூவாயிரம் கேக்கறாரு.

மாவு அக்கா, மதுரை

ஏஜென்ட் எதுக்குப்பா? நான் எடுத்தப்ப சின்ன யாவாரத்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வருசத்துக்கு 100 ரூபாதான். வருச விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்தவங்களுக்கு அது. நெட்ல என் மகதான் போட்டா. அந்த 14 இலக்க நம்பர கவர்ல அடிச்ச பொறகுதான் மெயின் ரோட்டு மளிகைக்காரரு "சரிம்மா, ஃப்ரிட்ஜுல வச்சுட்டுப் போ"ன்னாரு. நூறு ரூபாயில வேற எந்த விளம்பரம் அந்த வேலையச் செய்யும் சொல்லு.

உத்யம் பதிவும் பண்ணிக்க, சின்னத் தொழிலுக்கு அரசாங்கம் தர்ற பதிவு அது. 2020 ஜூலைல இருந்து நடைமுறையில இருக்கு, அரசாங்கத் தளத்துல ஒரு பைசா கிடையாது. அதே மாதிரி தோரணையில வேற தளங்க இருக்கும், ஆயிரம் ரெண்டாயிரம்னு கட்டச் சொல்லும். பார்த்துக்க.

ஏசி மெக்கானிக், வேளச்சேரி

நம்ம தொழில் வேற மாதிரி சார். ஏசி நல்லா ஓடுற வரைக்கும் எவனுக்கும் நம்ம ஞாபகம் வராது. நின்னுபோன நிமிஷம் நம்பர் கண்ணு முன்னாடி இருக்கணும். விசிட்டிங் கார்டு குடுத்தா அது டிவி ஸ்டாண்டு டிராயருக்குள்ள போயிடும், அப்புறம் அவங்களுக்கே கிடைக்காது.

நான் ஸ்டிக்கர்தான் நம்புறேன். சர்வீஸ் முடிஞ்சதும் இண்டோர் யூனிட் பக்கவாட்டுல ஒண்ணு, சுவத்துல ரிமோட் மாட்டுற ஸ்டாண்டு கீழ ஒண்ணு. அதுல நம்பர் பெருசா, சர்வீஸ் பண்ண தேதி கையால எழுதி, "அடுத்தது மாசி மாசம்"னு போட்டுடுவேன். மாசியில நானே போன் பண்ணிடுவேன். வெயில் ஏறின பிறகு எல்லாரும் ஒரே நாள்ல கூப்பிடுவாங்க, அப்போ வேலை இருந்தும் ஆள் இருக்காது. முன்னாடியே பாதிப் பேரை முடிச்சுட்டா சித்திரையில ரிப்பேர் மட்டும் பார்க்கலாம். இன்னொரு சங்கதி, வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போனாலும் ஸ்டிக்கர் வீட்டோடயே இருக்கும். புதுசா குடி வர்றவங்க என்னைத்தான் கூப்பிடுறாங்க. வேளச்சேரியில எவ்ளோ பேர் வீடு மாத்துறாங்கன்னு பார்த்தா இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும்.

கூகுள் மேப்ல கடையைப் பதிவு பண்றது இலவசம், கண்டிப்பா செய்யுங்க. ரிவ்யூ கேக்குற நேரம் ஒண்ணு இருக்கு. கேஸ் ஏத்தி முடிச்சு, ஜில்லுன்னு காத்து முகத்துல அடிக்கும் பாருங்க, அப்போ கேட்கணும். வீட்டுக்குப் போய் மெசேஜ்ல லிங்க் அனுப்பினா பத்துல ஒருத்தர் போட்டா அதிசயம். "ரெண்டு வரி எழுதுங்க சார், ஏரியா பேரும் என்ன ரிப்பேர்னும் போடுங்க"ன்னு சொல்லுவேன். "குட் சர்வீஸ்"னு மட்டும் இருந்தா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

நம்மள வீடுங்களுக்குச் சொல்லி விடுற அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குக் கமிஷனான்னு கேப்பீங்க. கமிஷன் குடுக்குறதில்ல, அவர் ரூம் ஃபேனை இலவசமா சரி பண்ணித் தருவேன்.

ஆரி பிளவுஸ், கும்பகோணம்

நான் வீட்டு மாடியில் ஆரி வேலை செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் பணம் கட்டி விளம்பரம் போட்டேன். ஊரெல்லாம் லைக் போட்டார்கள், தூத்துக்குடியிலிருந்து விலை கேட்டார்கள். அளவு எடுக்க ஆள் நேரில் வர வேண்டிய தொழிலுக்கு அந்த லைக்கை வைத்து என்ன செய்வது? விளம்பரத்தைக் கடையைச் சுற்றி சில கிலோமீட்டருக்கு மட்டும் சுருக்கலாம் என்று தெரிந்த பிறகு பரவாயில்லை. இருந்தாலும் கல்யாணப் பெண்கள் என்னிடம் வருவது விளம்பரத்தால் இல்லை, பார்லர் அக்காவால்.

முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பே பெண் வீட்டார் மேக்கப்புக்குப் பேச அங்கே போகிறார்கள். புடவை என்ன நிறம் என்ற பேச்சு அங்கேதான் முதலில் வரும். அங்கே என் பிளவுஸ் ஒன்றை, பாதி வேலை முடிந்த நிலையில், ஃப்ரேமோடு சுவரில் மாட்டி வைத்தேன். ஒரு கையில் மயில் முடிந்திருக்கும், மறு கையில் பென்சில் கோடு மட்டும். முழுதாக முடிந்ததை மாட்டினால் "அழகா இருக்கு" என்று போய்விடுகிறார்கள். பாதியில் நின்றதைப் பார்த்தால் தொட்டுப் பார்த்து, "இது கையால செய்றதா?" என்று கேட்கிறார்கள். அக்காவுக்கும் எனக்கும் கமிஷன் கணக்கு கிடையாது. என்னிடம் வருகிறவர்களை நான் அங்கே அனுப்புகிறேன், அவ்வளவுதான். காசு பேசினால் ஒரு முகூர்த்தத்தோடு உறவு கசந்துவிடும் என்று இருவருக்குமே தெரியும்.

ஆடித் தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தை. ஜவுளிக்கடைக்கு அது சரி, தேங்கின சரக்கைத் தள்ளுகிறார்கள். எனக்கு விற்பது என் நேரம், அதில் தேக்கம் ஏது? ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆவணியில் வரிசையாக வரும். அதனால் ஆடியில் கொடுத்தால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தேதி தவறாது என்று மட்டும் சொல்கிறேன். விலையில் பத்து ரூபாய் குறைப்பதில்லை. தையல்காரி தேதி தவறமாட்டாள் என்பதைவிடப் பெரிய சலுகை கல்யாண வீட்டில் எதுவும் இல்லை.

பிரியாணிக்கடை, வாணியம்பாடி

பலன் வராததைக் கேட்டீங்களே, இதோ. பக்கத்துத் தெருவுல ஒரு கடை. யூடியூப்ல சாப்பிட்டுக் காட்டுற ஒருத்தருக்குப் பெரிய தொகை குடுத்து வீடியோ போட்டாங்க. ஞாயித்துக்கிழமை கார் மேல கார். பதினொன்றரைக்கே தேக்சா காலி. வாராவாரம் ஒரு மணிக்கு வந்து பார்சல் வாங்குற தெருக்காரங்க வெறும் கையோட போனாங்க, அடுத்த வாரம் எங்கிட்ட வந்தாங்க. கார்ல வந்தவங்க வேற ஊர் வீடியோவைப் பார்த்து அங்க போயிட்டாங்க. என்கிட்டயும் அவர் ஆள் வந்து ரேட் பேசினாரு. எனக்கு ரெண்டு தேக்சாதான் பாய், அதுக்கு எதுக்கு அவ்வளவு கூட்டம்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்.

பழைய சேல்ஸ்மேன், கடலூர்

பிரியாணிக்கடைக்காரர் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கூட்டம் தப்பில்லை, யாருடைய கூட்டம் என்பதுதான் கேள்வி. எங்கள் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன்.

சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தொடங்கியது சிக் ஷாம்பு. இன்றைய கெவின்கேர். டிவி விளம்பரத்துக்கெல்லாம் அப்போது வழியில்லை. கிராமத்தில் ஒரு பையனை உட்காரவைத்து எல்லார் முன்னாலும் தலைக்குப் போட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். செக்குக்கடைக்காரர் வாசலில் நடப்பதும் அதுதான். பிறகு, எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். கொஞ்ச நாள் போனதும், ஐந்தும் சிக் சாஷேயாகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் காலி சாஷே. தெருவில் போகிற வருகிற எல்லாருக்கும் இலவசம் கொடுத்தால் சீயக்காய் தேய்ப்பவரும் வாங்கிப் போவார். காலி சாஷே கொண்டுவருபவர் ஏற்கெனவே ஷாம்புவுக்குக் காசு செலவழிப்பவர். இலவசம் வாங்கத் தகுதி என்ன என்பதை அந்தக் குப்பையே சொல்லிவிடுகிறது. மாவு அக்கா டியூஷன் வாசலைப் பிடித்ததும், காங்கேயத்தார் மாட்டுக்காரரைப் பிடித்ததும் இதே கணக்குதான். நான் லைனில் போன காலத்தில் சாம்பிளைப் பஸ் ஸ்டாண்டில் அள்ளி வீசச் சொன்ன மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். சாம்பிள் தீரும், ரிப்போர்ட் போகும், அடுத்த மாதம் ஆர்டர் வராது.

செக்குக்கடை, காங்கேயம்

அண்ணா, காலி சாஷே யோசனை நல்லாருக்குங்க. எந்தக் கம்பெனி எண்ணெய் பாட்டிலா இருந்தாலும் கொண்டாந்தா லிட்டருக்கு அஞ்சு ரூபா குறைக்கலாம்னு தோணுது.

பழைய சேல்ஸ்மேன், கடலூர்

செய்யுங்கள் தம்பி, ஆனால் அந்தப் பாட்டிலிலேயே எண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். முடிந்தால் உங்கள் பெயர் போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று கொடுத்து வையுங்கள். தூக்கு வீட்டில் இருக்கும்வரை வேறு கடைக்குப் போகத் தயங்குவார்கள்.

அச்சகம், சிவகாசி

பிட் நோட்டீஸ் வேலை செய்யாதுன்னு ஆளாளுக்குச் சொல்றதப் பாத்து அச்சாபீஸ்காரன் சும்மா இருக்க முடியுமா? நோட்டீஸுக்கு ஆயுசு ஒரு நாள். தினசரி காலண்டருக்கு ஆயுசு 365 நாள். நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன் பாக்க வீட்டுல யாராவது ஒருத்தர் தினமும் அது முன்னாடி நிக்கத்தான் செய்வாங்க. சின்னக் கடைக்காரங்க செய்றது என்னன்னா, மார்கழி பொறந்த பிறகு ஓடி வந்து கையில மிஞ்சின டிசைன வாங்கிட்டுப் போறது. எங்க ஊருல புது வருசக் காலண்டர் டிசைன் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்னைக்கே வெளியாகிரும். அப்பவே சொல்லி வச்சா படமும் நல்லாக் கிடைக்கும், ரேட்டும் பேசலாம்.

கல்யாண சீசன்ல தாம்பூலப் பையும் பாருங்க. ஒரு பக்கம் மணமக்கள் பேரு, மறுபக்கம் கடைப் பேரு. அச்சுக்கூலியில பாதிய நீங்க ஏத்துக்கிறதாச் சொன்னா வேண்டாங்கிற வீடு கம்மி. 2019 ஜனவரியில பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு துணிப்பைய யாரும் தூக்கிப் போடுறதில்ல, மார்க்கெட்டுக்கு அதத்தான் கொண்டு போறாங்க.

மாவு அக்கா, மதுரை

அண்ணே, காலண்டர் தனியா அடிக்க நமக்குக் கட்டுபடியாகாது. எங்க தெருவுல நானு, பால்காரரு, அயர்ன்காரரு மூணு பேரு சேர்ந்து ஒரே காலண்டர் அடிக்கலாமா?

அச்சகம், சிவகாசி

தாராளமா அடிக்கலாம்மா. மூணு பேருக்கும் ஒரே அளவு எழுத்து, அத முதல்லயே பேசிக்கிடுங்க, இல்லன்னா புரூஃப் வரும்போது சண்டை வரும். சாமி படத்துக்கு நேர் கீழ போன் நம்பர மட்டும் பெருசாப் போடுங்க, முகவரி வேண்டாம், தெருக்காரங்களுக்குத் தெரியாததா? "அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்"னு ஒரு வரி போடச் சொல்வாங்க, அந்த எடத்துல மாவு எத்தனை மணிக்குக் கிடைக்கும்னு போட்டுக்கிடுங்க.