லேபல் வெட்டின ஹெர்மெஸ் ஸ்கார்ஃப், வாங்கலாமா?

பரந்தன்பிள்ளை:
கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் பட்டு ஸ்கார்ஃப் ஒன்று பார்த்தேன். கடைக்காரரின் சொந்தக்காரர் பிரான்ஸில் இருந்து லீவில் வந்தபோது விட்டுப்போனதாம், ஹெர்மெஸ் என்கிற விலைகூடின பிரெஞ்சு நிறுவனத்தினதுதானாம், ஆனால் லேபலை வெட்டியிருக்கிறார்கள், பெட்டியும் இல்லை. 40,000 ரூபா சொல்கிறார். மச்சாளுக்குக் கொடுக்க ஆசை. லேபல் இல்லையென்றால் போலிதானா?

வவுனியா_கரன்:
40 ஆயிரத்துக்குக் கழுத்துத் துணியா? பேசாமல் ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள் தங்கச்சி.

லாச்சப்பல்_அக்கா:
கரன் தம்பி, இங்கே பாரிஸில் புதிதாக வாங்கினால் 400 யூரோவுக்கு மேல், அதனால் விலை அசலுக்கு மலிவு, போலிக்குக் கொள்ளை. லேபலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது பிள்ளை. கழுத்தில் உரசுகிறது என்று வாங்கினவர்களே வெட்டி எறிவார்கள், போலி செய்கிறவனோ லேபலை மறக்காமல் தைப்பான். பெட்டியும் அப்படித்தான். துணியைப் பாருங்கள். வழமையான பெரிய சதுரம் பக்கத்துக்கு 90 சென்ரிமீற்றர், கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி அச்சில் போடுவதால் மெல்லிய கோடுகூடக் கலங்காது, பின்பக்கத்திலும் நிறம் நன்றாக இறங்கியிருக்கும். படத்துக்குள்ளே நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதில் (HERMÈS) இரண்டாவது E எழுத்தின் மேலுள்ள சின்னக் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும். ஓவியரின் கையெழுத்து எல்லாவற்றிலும் இராது, அதைத் தேடி மினக்கெட வேண்டாம்.

புதுக்குடியிருப்புத் தையல்:
நான் முதலில் கரையைத்தான் பார்ப்பேன். அசல் ஹெர்மெஸ் ஸ்கார்ஃபில் கரையைப் படம் உள்ள முன்பக்கமாகச் சுருட்டிக் கையால் தைப்பார்கள், பின்பக்கமாக அல்ல. சுருள் திரண்டு நிற்கும், கைத்தையல் என்பதால் ஒரே அளவாக இராது. தட்டையாக மெஷின் ஓடியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்தது, கடைக்காரர் நூலை எரித்துக் காட்டி மயிர் பொசுங்கின மணம் வருகிறது பார் என்பார். அது பட்டு என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பட்டிலும் போலி அடிக்கிறார்கள்.

பரந்தன்பிள்ளை:
நன்றி அக்கா. இன்றைக்குப் போய் வெளியே வெயிலில் விரித்துப் பார்த்தேன். கைத்தையல்தான், ஆனால் சுருள் பின்பக்கம். எழுத்தின் கோடும் மறுபக்கமாகச் சரிந்திருக்கிறது. நான் அதைச் சொன்னதும் 25 ஆயிரம் தாருங்கள் என்கிறார்.

லாச்சப்பல்_அக்கா:
கரையையாவது யாரோ பிறகு பிரித்துத் தைத்தார்கள் எனலாம், பெயர் பிழையாக அச்சாகி வராது. விட்டுவிடுங்கள்.

வவுனியா_கரன்:
நாளைக்குப் போனால் 10 ஆயிரத்துக்குத் தருவார் போல!

புதுக்குடியிருப்புத் தையல்:
பட்டு நல்லதென்றால் 3,000, 4,000க்குச் சும்மா ஒரு பட்டுத் துணியாக எடுக்கலாம். மச்சாளிடம் ஹெர்மெஸ் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.