மண்சுவர் வீட்டில் ஓட்டுக்கூரையை மாத்தி காங்கிரீட் போடலாமா?

குழித்துறைக்காரன்:
மார்த்தாண்டம் பக்கம் பழைய ஓட்டு வீடு. 600 சதுர அடி, 14 அங்குல மண்சுவர். மழைக்கு ஒழுகுது. ஓட்டைப் பிரிச்சுட்டு அதே சுவர்மேல காங்கிரீட் போட்டா என்ன? வீடுன்னா முதல்ல நனையாம இருக்கணும். மாடி கிடைச்சா தேங்காயும் நல்லமிளகும் உலர்த்திக்கலாம்.

ஆசாரிப்பணி:
வேண்டாம் அண்ணே. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15 பிடிக்கும், ஒண்ணு இரண்டரை கிலோ. கழுக்கோல் (சாய்வா போற மரம்), பட்டியல் (ஓடு உக்கார்ற குறுக்குச் சட்டம்) எல்லாம் சேர்த்தாலும் 70 கிலோவுக்குள்ள அடங்கும். 5 அங்குல காங்கிரீட் மட்டும் 310 கிலோ. மேல செங்கல் ஜல்லி, தட்டோடு போட்டா 450-ஐத் தொடும். ஜன்னல் மூலையில சாய்வா விரிசல் விடும். இன்னொண்ணு, கூரை வேலை ஆளை மூடுறது மட்டுமா? சுவரையும் காக்கணும். பத்மநாபபுரம் அரண்மனையில இறவாணம் (சுவரைத் தாண்டி நீட்டுற கூரை விளிம்பு) எவ்வளவு வெளிய நீட்டியிருக்குன்னு பாருங்க. இறவாணம் போனா ரெண்டு பருவமழையும் நேரா மண்சுவர்லதான் அடிக்கும்.

சைட்_இன்ஜினியர்:
எடைக் கணக்கு சரி, முடிவு தப்பு. அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்குது. சாதாரண வீட்டுல வருஷா வருஷம் யாரு ஓடு மாத்துவா? நல்ல மரம் விலைக்கு எட்டாது, இருக்கிறதைச் செதல் தின்னுது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை அதுக்குள்ள மறந்தாச்சா? தனி அஸ்திவாரம் போட்டு 9க்கு 12 அங்குலத் தூண் எழுப்புங்க. பாரம் தூணுக்குப் போயிரும், மண்சுவர் மறைப்பா நிக்கட்டும். சன்ஷேடை மட்டும் 2 அடி நீட்டுங்க.

ஆசாரிப்பணி:
காத்துல முதல்ல கிளம்புறது கட்டாத ஓடு, சாரே. ஓட்டுக்கு அடியில துளை இருக்கு. கீழ ரெண்டு வரிசையையாவது கம்பி கோர்த்துப் பட்டியலோட கட்டணும், முகட்டு ஓட்டைச் சாந்துல பதிக்கணும். ஒழுக்குக்குக் காரணம் பெரும்பாலும் சரிவு: ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் ஏற்றம் இல்லாட்டா காத்தோட வர்ற மழை பின்னால ஏறும். பட்டியல் இடைவெளி 32 சென்டிமீட்டரைத் தாண்டினா ஓட்டு மேல ஓடு ஏறுற அளவு குறைஞ்சிரும். காய்ஞ்ச ரப்பர் இலை தண்ணி ஓடுற சால்ல அடைச்சா பிறகு கேக்கவே வேண்டாம்.

பாறசாலை_மேஸ்திரி:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க. இங்க காங்கிரீட் போட்டவங்க அது ஒழுகுதுன்னு மேல இரும்புச் சட்டம் (ட்ரஸ்) அடிச்சு ஷீட் போடுறாங்க!

சைட்_இன்ஜினியர்:
அது காங்கிரீட் குத்தம் இல்ல. தண்ணி வடிய 100க்கு 1 வாட்டம் விடாம, மூணே நாள் தண்ணி ஊத்தினா வேற என்ன ஆகும்? சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்குக் குறைஞ்சது 10 நாள் நனைக்கணும். கம்பிக்கு அடியில 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்துற கட்டை) வைக்காம ஓட்டுச்சில்லு வச்சா, கம்பி துருப்பிடிச்சு ஊதிச் சாந்து பெயர்ந்து விழும். கடலோரத்துல இன்னும் சீக்கிரம்.

ஆசாரிப்பணி:
இதையெல்லாம் ஒழுங்கா செய்ற காசுல ஓட்டுக்கூரையை முழுசா மாத்திரலாம். முதல்ல கழுக்கோல் சுவருக்குள்ள போற நுனியை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. பொதபொதன்னு இறங்குற கோலை மட்டும் மாத்துங்க.

சைட்_இன்ஜினியர்:
அதோட சுவர் ஓரத்துல ஒரு அடி தோண்டியும் பாருங்க. அடியில கல்கட்டு இல்லாம மண்சுவர் நேரா தரையில நின்னா, எந்தக் கூரை போட்டும் பிரயோஜனம் இல்ல.